யானையை வேட்டையாடும் நாட்டில் யானை எப்படிப் பெருகுகிறது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். 2024 ஆகஸ்டில் நமீபிய அரசு, வறட்சி நிவாரணத்துக்காக 83 யானைகள் உட்பட 723 காட்டு விலங்குகளைச் சுட்டு இறைச்சியை மக்களுக்குப் பங்கிடப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் போட்ஸ்வானாவின் அப்போதைய அதிபர் மோக்வீட்சி மசீசி, வேட்டையில் கிடைக்கும் தந்தம், கொம்பு போன்றவற்றின் இறக்குமதியை ஜெர்மனி கட்டுப்படுத்த முனைந்ததால், 20,000 யானைகளை ஜெர்மனிக்கு அனுப்பிவைக்கிறேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கோபமாகப் பேசினார். இரண்டையும் படித்துவிட்டு, வேட்டையாடிக்கொண்டே காப்பாற்றுகிறோம் என்பது ஏமாற்று இல்லையா, அங்கிருக்கும் கிராமத்து மக்களுக்கு உண்மையில் ஏதாவது கிடைக்கிறதா, இல்லை அவர்கள் பெயரைச் சொல்லி வேறு யாரோ சம்பாதிக்கிறார்களா, இதையெல்லாம் இந்தியாவில் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்வைக்கு இது வேட்டையைப் பற்றிய கேள்வி. ஆனால் உங்கள் மனத்தை உறுத்துவது, அந்த விலங்கின் மீது முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது, பணம் யார் கணக்கில் விழுகிறது என்பதுதான் என்று நினைக்கிறேன். அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

நான் வனவுயிர் மேலாண்மை படித்தவன். நமீபியாவின் வடகிழக்கு மூலையில், முன்பு கப்ரிவி என்றும் 2013இலிருந்து ஜாம்பெசி என்றும் அழைக்கப்படும் மாநிலத்தில், கிராம வனவுயிர் அமைப்புகளோடு பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். ஆகவே தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியைப் பற்றி நான் சொல்வதில் கணிசமானது நேரில் பார்த்தது. கென்யா, தான்சானியா பற்றிச் சொல்வது படித்ததும், அங்கே வேலை செய்யும் நண்பர்களிடம் கேட்டதும்தான். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சம்பளம் கொடுத்தது இந்த முறையை ஆதரிக்கும் தரப்பு. அதை மனத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் அந்தச் செய்தியைப் பிரித்துவிடலாம். 723 என்ற கணக்கில் 300 வரிக்குதிரை, 100 ஈலண்டு, 100 வில்டபீஸ்ட், 60 எருமை, 50 இம்பாலா, 30 நீர்யானை, 83 யானை அடங்கும் (ஈலண்டு, வில்டபீஸ்ட், இம்பாலா மூன்றும் மான் வகைகள்). அது அரசு எடுத்த முடிவு. பெரும்பாலும் தேசியப் பூங்காக்களில், அரசு ஏற்பாட்டில் நடந்தது. கிராம மக்கள் தங்கள் நிலத்திலுள்ள விலங்குகளை நிர்வகிக்கும் ஏற்பாடு வேறு. அதற்குத் தனிச் சட்டம், தனி ஒதுக்கீடு, தனிக் கணக்கு எல்லாம் உண்டு. செய்தித்தாள்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுவதால்தான் விவாதம் தடம் மாறிப் போகிறது.

கிராமங்களின் கதை நமீபியா தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்த காலத்தில் தொடங்குகிறது. 1960களின் கடைசியிலும் 1975 சட்டத்தின் மூலமும், வேலி போட்ட சொந்தப் பண்ணை வைத்திருந்த வெள்ளை விவசாயிகளுக்குத் தங்கள் நிலத்திலுள்ள மான் வகைகளின் மேல் உரிமை கொடுக்கப்பட்டது. சுடலாம், விற்கலாம், வேட்டைக்கு வரும் வெளிநாட்டாரிடம் பணம் வாங்கலாம். அதன் பிறகு அந்தப் பண்ணைகளில் விலங்குகள் பெருகின. மாட்டோடு சேர்த்து மானும் வருமானம் தரும் என்றால் எந்த விவசாயிதான் அதை விரட்டுவார்? அதே நாட்டில், கறுப்பின மக்கள் வாழ்ந்த பொது நிலங்களில் விலங்குகள் அரசுக்குச் சொந்தம். யானை வந்து பயிரைத் தின்றால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பசிக்கு ஒரு மானைக் கண்ணி வைத்துப் பிடித்தால் கள்ள வேட்டைக்காரன். அதிகாரிகளும் ராணுவத்தினரும் வேட்டையாடியதை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த அநீதியைப் புரிந்துகொள்ளாமல் பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது.

1980களின் தொடக்கத்தில் வடமேற்கே காவ்கோவெல்டில் கடும் வறட்சி. மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. துப்பாக்கிகள் எளிதாகக் கிடைத்தன. பாலைநிலத்து யானைகளும் கருப்புக் காண்டாமிருகங்களும் அழிவின் விளிம்புக்குப் போயின. அப்போது கார்த் ஓவன்-ஸ்மித் என்ற பாதுகாவலர், ஜோஷுவா காங்கோம்பே என்ற ஹெரேரோ இனத் தலைவர் போன்றவர்களோடு பேசி, ஊரே தேர்ந்தெடுக்கும் காவலர்களை நியமிக்கும் வழியைக் கண்டார். அந்தக் காவலர்கள் பதில் சொல்ல வேண்டியது அரசுக்கு அல்ல, தங்கள் ஊர்த் தலைவருக்கு. தொடக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மக்காச்சோள மாவு, சர்க்கரை போன்ற படி. ஒரு சில ஆண்டுகளில் கள்ள வேட்டை வெகுவாகக் குறைந்தது. அதுவும் விலங்கிலிருந்து மக்களுக்கு ஒரு காசு வருமானம் வருவதற்கு முன்னால். இதை நான் அடிக்கடி வலியுறுத்துவதுண்டு. பணம் கொடுத்தால்தான் ஏழைகள் விலங்கைக் காப்பார்கள் என்று நம் தரப்பு ஆட்களே பேசும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தத் தலைவர்களுக்கு, தங்கள் நிலத்தில் காண்டாமிருகம் இல்லாமல் போவது ஒரு மானப் பிரச்சினை. யாரும் அவர்களிடம் அதுவரை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

1990இல் விடுதலை கிடைத்தபோது, உயிர்வளங்களை நீடித்த முறையில் பயன்படுத்துவது அரசின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 95ஆம் பிரிவிலேயே எழுதினார்கள். 1996 சட்டத் திருத்தம், வெள்ளைப் பண்ணையாளருக்கு இருந்தது போன்ற உரிமையைப் பொது நிலத்து மக்களுக்கும் நீட்டித்தது. அதற்கு அவர்கள் ஒரு கன்சர்வன்சியாக, அதாவது தங்கள் பகுதி விலங்குகளை நிர்வகிக்கும் ஊர் அமைப்பாக, பதிவு செய்துகொள்ள வேண்டும். பக்கத்து ஊர்களோடு பேசி எல்லையை முடிவு செய்ய வேண்டும், உறுப்பினர் பட்டியல் வேண்டும், சொந்தமாக ஒரு விதிமுறை வேண்டும், தேர்ந்தெடுத்த குழு வேண்டும், வருமானத்தை எப்படிப் பங்கிடுவது என்ற திட்டம் வேண்டும். கேட்க எளிது. எல்லைச் சண்டையிலேயே பல ஆண்டுகள் போன இடங்கள் உண்டு. 1998இல் முதல் நான்கு பதிவாயின: நியே நியே, டோரா, சலம்பாலா, கோவாடி ஹோவாஸ். இன்று 86 இருக்கின்றன. நாட்டின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இவை பூங்காக்கள் இல்லை. மக்கள் மாடு மேய்த்து, மக்காச்சோளமும் மகாங்கு எனப்படும் கம்பும் விதைத்து, அங்கேயே வாழ்கிறார்கள்.

வேட்டை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதை யாரும் வந்து எதையும் சுடலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஊர்க் காவலர்கள் ரோந்தில் பார்த்த விலங்கு, கண்ணி, செத்த உடல், பயிர்ச்சேதம் எல்லாவற்றையும் 'ஈவென்ட் புக்' என்ற பதிவேட்டில் எழுதுகிறார்கள். மஞ்சள் அட்டையில் அன்றாடப் பதிவு, நீல அட்டையில் மாதக் கணக்கு, சிவப்பு அட்டையில் ஆண்டுகளின் போக்கு. படிப்பு அதிகமில்லாத காவலரும் கட்டங்களை நிரப்பி வரைபடம் போட்டுவிடலாம். தன் கையால் போட்ட வரைபடத்தை அவரே ஊர்க்கூட்டத்தில் தூக்கிக் காட்டுவார். எங்கள் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். இந்தப் பதிவுகளையும் ஆண்டுக் கணக்கெடுப்பையும் வைத்து, அமைச்சகம் ஒவ்வொரு இனத்துக்கும் எத்தனை என்று ஒதுக்கீடு தருகிறது. அதில் ஒரு பகுதி உறுப்பினர்களின் சொந்த உணவுக்கு. இன்னொரு பகுதியை டிராபி வேட்டை நடத்தும் தொழில்முறை வேட்டையாளர் ஒருவருக்கு ஒப்பந்தத்தில் கொடுக்கலாம். கொம்பையோ தந்தத்தையோ வேட்டைக்கு வந்தவர் எடுத்துக்கொள்வார். கட்டணம் கன்சர்வன்சியின் வங்கிக் கணக்குக்கு வரும், இறைச்சி ஊருக்கு. நமீபிய முறையில் முக்கியமானது, அந்தக் கட்டணம் தலைநகர் விண்ட்ஹுக்கின் கஜானா வழியாகச் சுற்றி வராமல் நேராக ஊரின் கணக்குக்கு வருவது.

பலன் என்ன? உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. 1980களில் காவ்கோவெல்டில் அழியும் நிலையில் இருந்த யானையும் காண்டாமிருகமும் அழியவில்லை. 2005 முதல் அரசு தன் கருப்புக் காண்டாமிருகங்களை, வேலியில்லாத பொது நிலங்களில், ஊர்மக்களின் பொறுப்பில் விடத் தொடங்கியது. அதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். 2022இல் நமீபியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, ஜாம்பியா, அங்கோலா ஐந்தும் சேரும் காசா (KAZA) என்ற எல்லை கடந்த பாதுகாப்புப் பகுதியில் நடந்த வான்வழிக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2,28,000 யானைகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். அதில் போட்ஸ்வானாவில் மட்டும் சுமார் 1,32,000. நமீபியாவின் பங்கு சுமார் 21,000. ஆப்பிரிக்கா முழுவதும் எஞ்சியிருக்கும் சவானா யானைகளில் பாதிக்கும் மேல் இந்த ஒரு நிலப்பரப்பில்தான் இருக்கின்றன. ஆக, வேட்டையை அனுமதிக்கும் நாடுகளில் யானை அழிந்துவிட்டது என்று சொல்ல இடமே இல்லை.

ஆனால் வேட்டையால்தான், அல்லது கன்சர்வன்சிகளால்தான், யானை பெருகியது என்று சொல்வேனா? அந்த அளவுக்குப் போக மாட்டேன். 1989இல், தென்னாப்பிரிக்கப் படைகள் வடக்கே நடத்திவந்த எல்லைப் போர் முடிந்ததே பெரிய காரணம். துப்பாக்கிகளும் ராணுவமும் போன பிறகு விலங்குகள் மீள்வது இயல்பு. ஜாம்பெசி மாநிலத்து யானைகளுக்கு எல்லைக்கோடு தெரியாது. போட்ஸ்வானாவிலிருந்து குவாண்டோ ஆற்றைக் கடந்து வருகின்றன, போகின்றன. எங்கள் பக்கம் எண்ணிக்கை கூடினால் அது பிறப்பா வரவா என்று பிரித்துச் சொல்வது கடினம். வடமேற்கிலோ 2010களில் தொடங்கிய நீண்ட வறட்சியில் ஸ்பிரிங்பாக், ஓரிக்ஸ் என்ற மான் வகைகள், வரிக்குதிரை ஆகியவற்றின் எண்ணிக்கை பயங்கரமாகச் சரிந்தது. இரை குறைந்ததும் பாலைநிலச் சிங்கங்கள் ஆடுமாடுகளிடம் வந்தன, சுடப்பட்டன, விஷம் வைக்கப்பட்டன. வறட்சி வந்த பிறகும் இறைச்சி வேட்டை ஒதுக்கீட்டைப் போதிய வேகத்தில் குறைக்கவில்லை என்று விமர்சகர்கள் சொன்னார்கள். அதில் நியாயம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் எடுத்த வரைபடத்தைக் காட்டி வெற்றி என்று பேசியவர்கள், மழை பொய்த்த ஆண்டுகளின் வரைபடத்தையும் அதே சத்தத்தோடு காட்டியிருக்க வேண்டும்.

சரி, பணத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியின் முள் அங்கேதான் இருக்கிறது. வருமானம் இரண்டு வழியில் வருகிறது, சுற்றுலா விடுதிகள் ஒன்று, வேட்டை மற்றொன்று. 1998 முதல் 2013 வரை 77 கன்சர்வன்சிகளின் கணக்கை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்று, இரண்டும் ஏறத்தாழ ஒன்றையொன்று நிரப்புகின்றன என்று காட்டியது. விடுதிகள் வேலைவாய்ப்பை அதிகம் தருகின்றன, ஆனால் வருமானம் வரப் பல ஆண்டுகள் ஆகும், அழகான ஆற்றங்கரையும் நல்ல சாலையும் வேண்டும். வேட்டை வருமானம் சீக்கிரம் தொடங்குகிறது, யாரும் படமெடுக்க வராத முட்புதர்க் காட்டிலும் நடக்கும், இறைச்சியும் கிடைக்கும். வேட்டையை மட்டும் நிறுத்தினால் தன் செலவைத் தானே சமாளிக்க முடியாத கன்சர்வன்சிகளின் எண்ணிக்கை வெகுவாகக் கூடும் என்றும், சுற்றுலாவை நிறுத்தினால் அந்தப் பாதிப்பு அவ்வளவு கடுமையாக இராது என்றும் அதே ஆய்வு சொன்னது. நான் பார்த்ததும் அப்படித்தான். ஜாம்பெசியில் பல கன்சர்வன்சிகளின் காவலர் சம்பளம் யானை, எருமை வேட்டைக் கட்டணத்திலிருந்துதான் வருகிறது.

இதைக் கேட்டுவிட்டு மக்கள் பணக்காரர்களாகிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். வந்த பணத்தில் பெரும்பகுதி காவலர் சம்பளம், வண்டி, டீசல், குழுவின் செலவு என்று போய்விடும். மிஞ்சியதில் மின்சார டிரான்ஸ்பார்மர் வாங்கிய ஊர்கள் உண்டு, பள்ளிக்கும் ஈமச் சடங்குக்கும் உதவிய ஊர்கள் உண்டு, வீட்டுக்கு இவ்வளவு என்று ரொக்கமாகப் பிரித்த ஊர்கள் உண்டு. வீட்டுக் கணக்கில் பார்த்தால் பல இடங்களில் அது மிகச் சிறிய தொகை. அப்புறம், குழுவில் இருப்பவர்கள் பயணப்படியும் முன்பணமும் எடுத்துக்கொண்டு திருப்பிக் கட்டாத கதைகள் ஏராளம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு மூதாட்டி எழுந்து, போன வருஷத்து யானையின் பணம் எங்கே என்று கேட்கும்போது பொருளாளர் தரையைப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். குழுவையே கலைத்துவிட்டுப் புதிதாகத் தேர்ந்தெடுத்த கூட்டங்களையும் பார்த்திருக்கிறேன். அப்படிக் கேட்க ஓர் இடம் இருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். அரசுப் பூங்காவின் வருமானம் எங்கே போனது என்று அந்த மூதாட்டி எந்தக் கூட்டத்தில் கேட்க முடியும்?

இதைவிடக் கடினமான குறை வேறொன்று. நன்மை ஊருக்குப் பொதுவாக வருகிறது, நட்டம் தனி ஆளின் தலையில் விழுகிறது. மார்ச், ஏப்ரலில் மக்காச்சோளம் முற்றும் நேரத்தில் ஒரே இரவில் யானைக் கூட்டம் புகுந்தால், அந்தக் குடும்பத்தின் ஓராண்டு உணவு போய்விடும். மிளகாய்ச் சாணிப்புகை, தகரத் தட்டு, இரவுக் காவல் எல்லாம் ஓரளவுக்குத்தான். காவலிருப்பது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். இழப்பை ஓரளவு ஈடுகட்ட அரசு 2009இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது, ஆனால் கிடைக்கும் தொகை இழந்ததற்குப் பக்கத்திலேயே வருவதில்லை. வயலை இழந்தவருக்கும் ஆற்றங்கரையில் விடுதி வேலை கிடைத்தவருக்கும் ஒரே கன்சர்வன்சி அட்டைதான். யானையைப் பற்றி இருவரும் ஒரே மாதிரி பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இந்த இடைவெளியை இன்னும் எந்த நாடும் சரியாக நிரப்பவில்லை. இந்த முறையின் மேல் எனக்குள்ள மிகப் பெரிய குறையும் இதுதான்.

நமீபியாவுக்கு முன்பே இதைத் தொடங்கியது ஜிம்பாப்வே. அங்கும் 1975 சட்டம் முதலில் வெள்ளைப் பண்ணையாளருக்கு உரிமை கொடுத்தது. விடுதலைக்குப் பிறகு 1982 திருத்தத்தின் மூலம் அந்த உரிமையைக் கிராமப்புற மாவட்ட மன்றங்களுக்குக் கொடுத்தார்கள். கேம்ப்ஃபயர் என்ற திட்டம் 1980களின் கடைசியில் குருவே, நியாமிநியாமி மாவட்டங்களில் செயலுக்கு வந்தது. ஜாம்பெசிப் பள்ளத்தாக்கின் மசோக்கா என்ற சிறிய ஊர், வேட்டை வருமானத்தை வைத்துத் தன் வீடுகளையும் வயல்களையும் சுற்றி மின்வேலி போட்டது, பள்ளி கட்டியது, மீதி நிலத்தைக் காட்டுக்கே விட்டது. உலகமே அதைப் பார்க்க வந்தது. ஆனால் சட்டத்தில் உரிமை மாவட்ட மன்றத்தின் பெயரில்தான் இருந்தது, ஊரின் பெயரில் இல்லை. யானை நடமாடும் ஊரிலிருந்து மன்ற அலுவலகம் பல மணி நேரத் தூரம். பணம் அங்கே போய்த் தங்கிவிடும். 1989 முதல் 2001 வரை சமூகங்களுக்குப் போனது 2 கோடி டாலருக்கும் அதிகம், அதில் 89 சதவீதம் வேட்டையிலிருந்து வந்தது. ஆனால் அதிகாரம் பெற்ற 37 மாவட்டங்களில் வெறும் 12 மாவட்டங்கள்தான் மொத்த வருமானத்தில் 97 சதவீதத்தை ஈட்டின. 2000க்குப் பிந்தைய அரசியல், பொருளாதாரச் சரிவில் எல்லாம் ஆட்டம் கண்டது. 2014 ஏப்ரலில் ஜிம்பாப்வேயில் வேட்டையாடிய யானைகளின் தந்தம் போன்ற டிராபிகளின் இறக்குமதியை அமெரிக்கா நிறுத்தியதும் இன்னொரு அடி. ஆனாலும் நான் முதலில் குறை சொல்வது உரிமையை ஊருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு ஊரிடம் கொடுக்காமல் விட்டதைத்தான்.

வேட்டை இருந்தாலே மக்களுக்கு நல்லது என்று யாராவது சொன்னால் அவர்களைத் தான்சானியாவின் லோலியோண்டோவைப் பார்க்கச் சொல்லுங்கள். செரங்கெட்டியை ஒட்டிய மசாய் மேய்ச்சல் நிலம் அது. அந்த மக்களில் பலரின் முன்னோர் 1959இல் செரங்கெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். 1990களின் தொடக்கத்திலிருந்து அங்கே வேட்டை உரிமம் ஐக்கிய அரபு அமீரகத்தோடு தொடர்புடைய ஒரு நிறுவனத்திடம். உரிமத்தைக் கொடுத்தது அரசு, ஊர் இல்லை. 2022 ஜூனில் 1,500 சதுர கிலோமீட்டரைத் தனியே பிரித்து எல்லைக்கல் நடப் போலீஸ் வந்தபோது மோதல் வெடித்தது. மசாய் மக்கள் பலர் காயப்பட்டார்கள், எல்லை தாண்டிக் கென்யாவுக்கு ஓடினார்கள், ஒரு போலீஸ்காரர் இறந்தார். இதையும் நமீபிய கன்சர்வன்சியையும் 'ஆப்பிரிக்க வேட்டை' என்ற ஒரே பெட்டியில் போடுவது இரு தரப்பு மக்களுக்கும் செய்யும் அநியாயம்.

எதிர்ப்பக்கம் கென்யா. 1977இல் வேட்டையை முற்றாகத் தடை செய்தது. ஆனால் அந்த ஆண்டிலிருந்து 2016 வரை அங்கே பெரிய காட்டு விலங்குகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 68 சதவீதம் குறைந்தது. வேட்டை ஆதரவாளர்கள் இந்த எண்ணை ஒரு ஆயுதம் போலத் தூக்கிப்பிடிப்பார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். மக்கள்தொகை, வேலிகள், ஆடுமாடு பெருக்கம், வறட்சி எல்லாம் சேர்ந்த விளைவு அது. தடை எவ்வளவு காரணம் என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. தடை காப்பாற்றவில்லை என்பது மட்டும் தெளிவு. அதே கென்யாவில் மசாய் மாராவைச் சுற்றி 2000களின் நடுவிலிருந்து வேறொன்று நடந்தது. கூட்டு மேய்ச்சல் நிலம் தனித்தனிப் பட்டாவாகப் பிரிக்கப்பட்ட பிறகு, நில உரிமையாளர்கள் சேர்ந்து நிலத்தை விடுதிகளுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். விலங்கு வந்தாலும் வராவிட்டாலும் ஏக்கருக்கு இவ்வளவு என்று வாடகை. சிங்கங்கள் அங்கே நன்றாக வாழ்கின்றன, ஒரு தோட்டாவும் வெடிக்காமல். ஆக வேட்டை கட்டாயம் இல்லை. ஆனால் பேரம் பேச அவர்கள் கையில் பட்டா இருந்தது. பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருந்ததால் பெண்களுக்கு வாடகை எட்டவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. 2020இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றதும் அங்கே வாடகை வெட்டப்பட்டது. நமீபியாவில் விடுதி, வேட்டை இரண்டும் ஒரே நேரத்தில் படுத்தன. காவலர் சம்பளத்துக்கு அவசர நிதி திரட்டித்தான் ஓட்டினார்கள்.

போட்ஸ்வானா 2014 ஜனவரியில், இயன் காமா அதிபராக இருந்தபோது, வேட்டையை நிறுத்தியது. ஒகவாங்கோ பக்கத்துச் சில ஊர்களில் வேட்டை முகாம் வேலையும் இறைச்சியும் போயின. படமெடுக்கும் சுற்றுலா வந்து அந்த இடத்தை நிரப்பும் என்றார்கள், எல்லா இடத்திலும் நிரப்பவில்லை. 2019 மேயில் மசீசி தடையை நீக்கினார். ஐரோப்பாவில் பேசப்பட்டது யானையின் கதி மட்டும். மத்திய கலஹாரிக் காப்பகத்தின் சான் பழங்குடி மக்கள் பற்றி அதே குரலில் யாரும் பேசவில்லை. அந்தக் காப்பகம் 1961இல் உருவானபோதே அவர்கள் அங்கே வாழ்வதற்கும் சேர்த்துத்தான். 1997லும் 2002லும் அவர்களை வெளியேற்றினார்கள். 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் வெளியேற்றம் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. தடை வந்தபோது, வில்லோடு வேட்டையாடி உண்ணும் அவர்களும் குற்றவாளிகளாயினர். வெளிநாட்டுப் பணக்காரரைத் தடுக்கப் போட்ட சட்டம் முதலில் உதைத்தது அவர்களைத்தான்.

டிராபி இறக்குமதியைத் தடைசெய்யும் ஐரோப்பிய முயற்சிகளில் எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டனின் மசோதா 2023இல் கீழவையில் நிறைவேறி மேலவையில் நின்றுபோனது. அதை எதிர்த்து ஆப்பிரிக்க ஊர்த் தலைவர்கள் எழுதிய கடிதங்களுக்கு அங்கே கிடைத்த கவனம் மிகக் குறைவு. 2015 ஜூலையில் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவின் எல்லையில் சிசில் என்ற சிங்கம் கொல்லப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பை நானும் உணர்ந்தேன், அந்தக் கோபம் பொய்யில்லை. சிங்க வேட்டை விஷயத்தில் விமர்சகர்கள் பக்கமே அறிவியல் அதிகம் நிற்கிறது. ஹ்வாங்கேயைச் சுற்றி ஆண் சிங்கங்கள் அளவுக்கு மீறிச் சுடப்பட்டதை ஆய்வாளர்கள் காட்டியதால் 2005 முதல் 2008 வரை அங்கே சிங்க வேட்டை நிறுத்தப்பட்டது. தான்சானியாவிலும் வேட்டை கடுமையாக இருந்த இடங்களில் சிங்கம் குறைந்ததாக ஆய்வு உண்டு. ஆறு வயதுக்குக் குறைந்த ஆணைச் சுடக் கூடாது என்ற விதியும் ஆய்வாளர்கள் பரிந்துரைத்ததுதான். சிறுத்தைப்புலி விஷயத்தில் எண்ணிக்கையே சரியாகத் தெரியாத நாடுகள் ஒதுக்கீடு கொடுக்கின்றன. அதை நான் ஆதரிக்கவில்லை. எருமைக்கும் ஓரிக்ஸுக்கும் பொருந்தும் வாதத்தைச் சிங்கத்துக்கும் அப்படியே இழுத்துவிடக் கூடாது.

இந்தியாவில் செய்யலாமா என்றால், வேட்டையைச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. அதைவிட, யானையோடு நமக்கிருக்கும் உறவும் நிலத்தில் மக்கள் நெருக்கமும் வேறு. ஆனால் உரிமை என்ற பாதி நமக்கு நன்றாகவே பொருந்தும். 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ், சத்தியமங்கலத்தை ஒட்டிய பிலிகிரிரங்கா மலையின் சோளகர்கள் 2011இல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக வன உரிமை பெற்றார்கள். தேனும் நெல்லிக்காயும் எடுத்துக்கொண்டு புலியோடு வாழ்கிறார்கள். 2022இல் கூனோவுக்கு எட்டு சிவிங்கிப்புலிகளை நமீபியாவிலிருந்து கொண்டுவந்தோம். அந்த நாட்டில் சிவிங்கிப்புலிகளில் பெரும்பாலானவை பூங்காவுக்கு வெளியே, விவசாயிகளின் நிலத்தில் வாழ்கின்றன. விலங்கைக் கொண்டுவந்தவர்கள் அந்த ஏற்பாட்டையும் கொஞ்சம் படித்திருக்கலாம்.

கடைசியாக, நமீபியாவில் இன்னும் தீராத ஒன்று. கன்சர்வன்சிக்கு விலங்கின் மேல் உரிமை உண்டு, நிலத்தின் மேல் இல்லை. பொது நிலம் சட்டப்படி அரசிடம்தான் இருக்கிறது. ஆகவே வெளியாட்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தால் விரட்டும் அதிகாரம் கன்சர்வன்சிக்குத் தெளிவாக இல்லை. 2009இல் கால்நடைக்காரர்கள் வேலியை வெட்டிக்கொண்டு ஜூ ஹோவான்சி சான் மக்களின் நியே நியேவுக்குள் மந்தைகளோடு புகுந்தார்கள். பாரம்பரிய முறையில் வேட்டையாட உரிமை பெற்றிருந்தும், அந்த மக்களால் தங்கள் மேய்ச்சலையும் கிழங்குகளையும் காக்க முடியவில்லை. பக்கத்து நா ஜாக்னா கன்சர்வன்சி, சட்டவிரோதமாகப் போட்ட வேலிகளை அகற்றக் கோரி வழக்குப் போட்டு 2016இல் உயர் நீதிமன்றத்தில் வென்றது. தீர்ப்பு வந்து ஆண்டுகள் கழித்தும் அந்த வேலிகளில் பல அப்படியே நின்றன. உங்கள் அடுத்த கேள்வி இந்த நில உரிமை பற்றியதாக இருந்தால் தனியாக எழுதுகிறேன். யானையைப் பற்றிப் பேசும் அளவுக்கு யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.